தாளாளர் பெயரில் வந்த கட்டுரை

எங்கள் கல்லூரியின் பசுமை வளாகக் கொள்கைப் புத்தகம் வெளியான அன்று காலை, ஒவ்வொரு பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ் பேனர். போன வருடம் வைத்துக் காய்ந்துபோன வேப்பங்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே குழியில் புதுக் கன்று. இதெல்லாம் பார்த்துப் பழகிவிட்டது. எரிச்சல் வந்தாலும் காபியோடு விழுங்கிவிடலாம். புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டதைத்தான் அப்படி விழுங்க முடியவில்லை.

அதிலிருந்த பெரிய கட்டுரை, புத்தகத்துக்காக நான் கொடுத்திருந்த என் மொழிபெயர்ப்பு. எழுதியவர் இந்தோனேசியாவில் சாயத்துணிக்குப் பேர்போன ஒரு சிற்றூரின் கல்லூரி ஆசிரியை. இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் பழக்கமானவர். சாயக் கழிவை ஆற்றில் விடாமல் இருக்க ஒரு கல்லூரி என்ன செய்யலாம் என்று அவரும் எழுதியிருந்தார், நானும் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு, அவருடையதை நான் தமிழாக்குவது, என்னுடையதை அவர் தம் மொழியில் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டோம். பணப் பேச்சே இல்லை. எழுதியவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு பக்க ஒப்பந்தம். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது அந்தக் கட்டுரையின் மேல் எங்கள் தாளாளரின் பெயர் இருந்தது. பக்கத்தில் பட்டுச் சட்டையில் அவர் படம். உள்ளே அந்த அம்மாவின் ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் எங்கள் ஊரான ஆரணி, அவர் ஊர் ஆறு வந்த இடமெல்லாம் எங்கள் கமண்டல நாகநதி. கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதைப் படித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை. அதனால் கமண்டல நாகநதியில் கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஏறுகிறது. ஆரணி மீனவர்கள் சாயத்தண்ணீருக்குப் பயந்து படகுகளைத் தள்ளிக் கட்டுகிறார்கள். கடலுக்கு வெகு தூரத்தில், வருடத்தில் பாதி நாள் மணல் மட்டுமே தெரிகிற ஆறு அது. கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கு வந்திருந்த குழுவினர் தலையாட்டிக்கொண்டே புரட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தாளாளர் அறைக்குப் போனேன். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக பக்கத்து ஊரான முள்ளிப்பட்டு வீட்டுத் தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்து, புடவையாக நெய்வித்து வாங்குகிற குடும்பம். என் அப்பாவும் அவர்களுக்குத்தான் நெய்தார். திருட்டு என்ற சொல் வாய்வரை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, எழுதியவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதே அவருக்கு உண்மையில் விளங்கவில்லை.

“இன்னா சார், நீங்க தறிக்கார வூட்டுப் புள்ளதானே? பாவு குடுக்கறோம், கூலி குடுக்கறோம். பொடவை எங்க பேர்லதான் போவுது. நெய்தவன் பேரையா முந்தானையில போட்டுகினு இருக்கோம்?”

“இந்தப் பாவு நீங்க குடுத்ததில்லீங்களே,” என்றேன். “அந்தம்மாவுது.”

அவர் சிரித்தார். அந்தம்மா ஆரணிக்கு வந்து பார்க்கப் போகிறாரா என்று கேட்டார். அதே சிரிப்போடு, என் ஒப்பந்த வேலையை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கும் தாள் மேசையிலேயே இருக்கிறது, ஜல்தியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், இதைப் போய்ப் பேஜாராக்க வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். சாயங்காலம் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். குனிந்து கொடுத்தேன். அவர்மேல் வந்த அருவருப்பு என்மேல் திரும்புவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுவாரம் அந்த ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் பதிப்பு வெளியாகிவிட்டதாம். முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். என் பெயர், அதன் கீழே ஆரணி, அதற்கும் கீழே ‘பட்டு நெசவாளரின் மகன்’ என்று ஒரு வரி. அந்த வரியை நான் கேட்கவே இல்லை. தம் பெயர் தமிழ் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் கட்டுரைத் தலைப்பையும் அவர் பெயரையும் நானே தட்டச்சு செய்து, புத்தகப் பக்கம் போலவே அமைத்து, வழவழப்பான தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.

எவ்வளவு அழகான எழுத்து, நன்றி என்று உடனே பதில் வந்தது.