ஜெனிஸின் மெஷினில் நான் மாட்டிய பித்தளை

என் தங்கை ஜெனிஸ் தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறாள். மரத்தில் எழுத்து வெட்டும் சிஎன்சி மெஷின் ஒன்றை வீட்டு முன்னறையில் தானே கட்டினாள். நான் எட்டாவதோடு படகு ஏறியவன். அவள் சொன்ன இடத்தில் திருகு முடுக்கியதுதான் என் பங்கு. ஆனாலும் எங்கள் தெருவில் அப்படியொரு மெஷின் அவளிடம் மட்டும்தான். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் முகத்தில் களையே இல்லை. பர்னபாஸ் அண்ணாச்சியின் புதுப் படகை மறுநாள் கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்க வேண்டும். அதற்கு அவள் வெட்டித்தர வேண்டிய பெயர்ப்பலகை இன்னும் ஆகவில்லை. மெஷினின் வெட்டும் தலை முதலில் மூலைக்குப் போய், அதில் மாட்டிய உலோகத் துண்டை அங்குள்ள சென்சார் உணர்ந்ததும் நின்று, அதிலிருந்துதான் அளவு எடுக்கும். சென்சார் உணராததால் சட்டத்தில் போய் இடித்தது. கண்ணளவில் வைத்து வெட்டியதில் இரண்டு தேக்குப் பலகைகள் பாழ். மிச்சம் ஒன்றுதான்.

"ஏளா, கரண்டு பத்தலையோ?"

"அஞ்சு வோல்ட்டு பத்தலைன்னு தனியா பன்னெண்டு வோல்ட் அடாப்டர் வச்சாச்சு. பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ். கறுப்பு சிக்னல். அது நேரா போனா போர்டு கருகிரும்னு நடுவுல தடுப்புக்கு ஆப்டோகப்ளரும் போட்டாச்சு. இன்னும் என்னண்ணே செய்ய? வித்துப்போடுவோம்."

"வித்துட்டா தெருவுல நான் எதைச் சொல்லிப் பீத்த?"

அவள் சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஸ்பேனரைச் சென்சார் பக்கம் நீட்டினேன். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும்போதே அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு மெஷினின் தலையைக் கையால் தள்ளினேன். அதில் மாட்டிய துண்டு அதே இடைவெளியில் சென்சாரைக் கடந்தது. விளக்கு எரியவில்லை.

"இந்தத் துண்டு ஏன் தெரியமாட்டேங்குது?"

அவள் கண் திறந்தாள். "இரும்புதான வச்ச?"

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்குமென்று, பழைய படகில் கழற்றிய பித்தளையை அறுத்து, ராவி, பளபளவென்று மாட்டியது நான். படகில் அப்படித்தான் செய்வோம்.

"பித்தளை ஒட்டி வந்தாத்தான் இதுக்குத் தெரியும். ரெண்டு வாரமா ஒயரையே திட்டிட்டிருந்தேன்." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இரும்பு போல்ட் ஒன்றை மாட்டினேன். விளக்கு எரிந்தது, தலை நின்றது. பத்து தடவை ஓட்டினோம். பத்து தடவையும் நின்றது. அதன்பிறகே கடைசிப் பலகையை வைத்து வெட்டினாள்.

"போல்ட்டு துருப்பிடிக்கும்ணே."

"கிரீஸ் தடவியாச்சு. நீ போய்ப் படு."

ஞாயிற்றுக்கிழமை காலை அசதியில் அவள் தூக்கம் கலையவேயில்லை. பலகையைப் படகுக்கு நான்தான் கொண்டுபோனேன். யார் செய்ததென்று யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். பித்தளையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.