மாக் மீனாவுக்கு ஏன் டுரியான் கிடையாது?

தலைவரே, நீங்கள் ஒரு நோயாளியைப் பட்டினி போட்டீர்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். காஜா பெராங்கில் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளிகள் வீட்டுக்குப் போய்ப் பிரார்த்தனை செய்கிற குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். நல்ல காரியம்தான். ஆனால் மாக் மீனா வீட்டில் நீங்கள் செய்தது நல்ல காரியம் இல்லை.

ஊரே மாக், அதாவது அம்மா, என்று கூப்பிடும் மாக் மீனா என் பக்கத்து வீட்டுக்காரர். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிகளின் வழி வந்த மலாக்கா செட்டி வம்சம். தமிழ் தெரியாது, வீட்டில் மலாய்தான். மார்பில் புற்றுநோய். பெரியாஸ்பத்திரி டாக்டர் கைவிரித்துவிட்டார். "வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

நீங்கள் வந்தீர்கள். தேவாரம் பாடினீர்கள். பிறகு மகள் தேவியைத் தனியாகக் கூப்பிட்டு, "மீன், டுரியான் எல்லாத்தையும் நிறுத்து. ஆசை அறுந்தாத்தான் உங்கம்மா சாந்தியாப் போவாங்க" என்றீர்கள். அவள் பயந்துவிட்டாள். அன்றிலிருந்து கஞ்சி. மறுபடியும் கஞ்சி...

போன வாரம் அவர்கள் வீட்டில் பார்ச்சு. பழக் காலத்தில் செட்டிமார் தங்கள் முன்னோருக்கு வாழை இலை போட்டுப் படைப்பார்கள். செத்தவர்கள் உயிரோடு இருந்தபோது விரும்பித் தின்றதெல்லாம் இலையில் இருக்க வேண்டும். தெங்கேராவிலிருந்து டுரியான் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன் நான்தான்.

படையல் முடிந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். எல்லார் இலையிலும் மீன். உள்ளறையில் மாக் மீனாவின் கையில் மட்டும் கஞ்சிக் கிண்ணம்.

என் வாய் சும்மா இருக்குமா? மலாயில் உரக்கவே கேட்டுவிட்டேன்.

"தேவி, அடுத்த வருஷம் உங்கம்மாவுக்கு இலையில என்ன வைப்ப? கஞ்சியா?"

என்னை அபாங், அண்ணன், என்று கூப்பிடுகிற தேவி இலையிலிருந்து நிமிர்ந்து சீறினாள்.

"அபாங், வாயைக் கழுவுங்க லா! உயிரோட இருக்கிறவங்களைப் போய்..."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு மாக் மீனா வந்து நின்றார்.

"கஞ்சி வைக்க மாட்டா. மீன் வைப்பா, டுரியான் வைப்பா, அள்ளி அள்ளி வைப்பா. அதை இப்பவே குடு லா. செத்த பிறகு வந்து கேக்க மாட்டேன்!"

"ஆசை கூடாதுன்னு தலைவர் சொன்னாரே, மாக்..."

"அவருக்கு ஆசை இல்லையா? நீ செஞ்ச பலகாரத்தை மடியில கட்டிக்கிட்டுப் போனது யாரு?"

தேவி அழுதாள். அழுதுகொண்டே இலை போட்டாள். நான் டுரியானைப் பிளந்தேன். மாக் மீனா ஒரு சுளையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக... விரலைக்கூட விடவில்லை மனுஷி!

"நாட்டுக்கு ஆகஸ்டுலதான் மெர்டேக்கா. என் வாய்க்கு விடுதலை இன்னைக்கே!"

சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் பாடும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், அன்றைக்குத் தானாகவே போய் இறந்துபோன கணவரின் படத்துக்கு முன்னால் கை கூப்பி உட்கார்ந்தார்.

"வர்றேன், வர்றேன். அவசரப்படுத்தாதே. பக்கத்துல எனக்கு இடம் போட்டு வை. நடுவுல உங்கம்மாவை உட்கார விட்டுடாதே!"

இது பிரார்த்தனை இல்லை என்றால் வேறு எது பிரார்த்தனை? நோயாளி வீட்டுக்குச் சாமியைக் கொண்டுபோவதாகத்தான் நினைக்கிறோம். பாதிப் பேர் கொண்டுபோவது பயத்தை. அதை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

விஷயம் உங்கள் காதுக்கு வந்ததும் ஆள் விட்டுச் சொன்னீர்களாம் — ஆசைக்கு இடம் கொடுத்த வீட்டுக்குக் குழு இனி வராது என்று. மாக் மீனா அதற்கும் சிரித்தார். தேவியால் சிரிக்க முடியவில்லை. அம்மா சாந்தியில்லாமல் போனால் அது தன்னால்தானோ என்று என்னிடம் வந்து கேட்கிறாள். அவளுக்கு நான் பதில் சொன்னால் போதாது. பயத்தை வைத்தவர் நீங்கள், எடுக்க வேண்டியவரும் நீங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயில் வாசலுக்கு வாருங்கள். ஊரார் முன்னால் தேவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் — ஒரு சுளை டுரியானுக்காக அவள் அம்மாவைக் கைவிடுகிற சாமி எந்தச் சாமி? பேரைச் சொல்லுங்கள்.