மடிகளில் வந்த அரண்மனை

போன வருடம், சோளகக் காற்று உரமாக வீசிய ஒரு காலை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போகும் படகில் நடந்தது இது.

நான் நெடுந்தீவில் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சிப் போட்டி. ஸ்பெயினில் முஸ்லிம் மன்னர்கள் மலைமேல் கட்டிய அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனையை என் மாணவிகள் ஒரு தவணை முழுக்க மினக்கெட்டு ரெஜிபோம் என்ற பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகையில் செய்திருந்தார்கள். செங்கல் தூள் பூசிய மதில், கோபுரங்கள், முற்றத்தில் களிமண் சிங்கங்கள் சுமக்கும் தண்ணீர்த் தொட்டி. சிங்கங்கள் நாய்க்குட்டி மாதிரித்தான் இருந்தன. ஆனால் வேறு யாரும் அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

படகின் நடுவே அதை வைத்துவிட்டு, "ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ" என்று காவல் நின்றேன். படகு வெளிக்கிடும் நேரம் ஒரு கர்ப்பிணியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நாளுக்கு முன்னரே வலி வந்துவிட்டது. தீவு ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். அவளைக் கிடத்த அரண்மனை இருந்த இடத்தைத் தவிர வேறு இடமில்லை.

கூரையில் கட்டினால் காற்று கொண்டுபோய்விடும். என்ன செய்ய! நானே பசையைப் பிய்த்துத் துண்டு துண்டாகக் கழற்றினேன். கூட வந்த மாணவிகள் இருவரும் அழுதார்கள். மீன்பெட்டியோடு இருந்த ஒரு அண்ணை கையை நீட்டினார். "தாங்கோ ரீச்சர், மடியிலை வைச்சிருக்கிறன்." அவருக்கு ஒரு கோபுரம். செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வாசல். ஆளுக்கொன்றாக எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

படகு தூக்கித் தூக்கிப் போட்டது. கிடத்தியிருந்த கர்ப்பிணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ரீச்சர், ஏதாவது கதையுங்கோ. பயமாக் கிடக்கு."

எனக்கு வேறென்ன தெரியும், சரித்திரம்தானே! வெறும் கோட்டை இருந்த மலையில் மன்னர்கள் ஒவ்வொரு மாளிகையாகக் கட்டியதையும், ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி அங்கே கொண்டுவந்ததையும் சொன்னேன். வலி வரும்போதெல்லாம் அவள் நகம் என் கையில் இறங்கும். நான் நிறுத்தினால், "சொல்லுங்கோ" என்பாள். கடைசி மன்னர் முற்றுகை தாங்காமல் கோட்டைக் கதவுகளின் திறப்புகளை எதிரியிடம் கொடுத்துவிட்டு வெளியேறியதைச் சொன்னேன்.

"பாவம், அவையும் இடம்பெயர்ந்து போச்சினமோ?" என்றார் மீன்பெட்டி அண்ணை.

"ஓம் அண்ணை."

அண்ணை மடியிலிருந்த கோபுரத்தைக் குனிந்து பார்த்தார். அவள் கேட்டாள், "அப்ப, அந்தத் தண்ணி?"

"இப்பவும் ஓடுது, பிள்ளை."

அந்த வலியிலும் சிரித்தாள். நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊர்க்காரி அல்லவா! பக்கத்தில் இருந்த சிங்க முற்றத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. முற்றத்தோடேயே அவளை ஏற்றினார்கள். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் வரிசையாக வந்து தங்கள் துண்டுகளைத் தந்தார்கள். ஒரு கோபுரம்கூட உடையவில்லை.

கண்காட்சியில் நடுவர், "சிங்க முற்றம் எங்கே?" என்று கேட்டார். என் மாணவி கொஞ்சமும் யோசிக்காமல், "ஆஸ்பத்திரிக்குப் போட்டுது சேர்" என்றாள். பரிசு கிடைக்கவில்லை. பின்னேரம், துறையில் என் இலக்கத்தை வாங்கிப்போன அந்தக் கர்ப்பிணியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். பெண் குழந்தை, இருவரும் நல்ல சுகம். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

சரித்திரம் படித்து என்ன பிரயோசனம் என்று பிள்ளைகள் இப்போதும் கேட்பார்கள். ஒருத்தி கடலைக் கடக்கும்வரை பிடித்துக்கொள்ள அது போதுமாக இருந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.