மொஹிங்கா கடையில் ஒரு சத்தியாகிரகம்

பர்மாவில், பசுந்தாங் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே காலையில் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் பர்மிய ஆன்ட்டிக்கு என்மேல் தனிப் பிரியம். நான் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே, “கலாமா, வா” என்பார். இந்தியப் பெண் என்று பொருள். ஆனால் பர்மிய மொழியில் அந்தச் சொல்லைப் பிரியத்துக்காக மட்டும் சொல்வதில்லை, இளக்காரமாகவும் சொல்வார்கள்.

கியாக்டடாவில் நான் படித்த ஆங்கில வகுப்பில் அந்த வாரம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் பாடமாக வந்தது. பேருந்தைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போனவர்களையும், தங்களுக்குப் பரிமாற மறுத்த உணவகத்தில் அடி வாங்கியும் கை ஓங்காமல் உட்கார்ந்திருந்த மாணவர்களையும் பற்றிப் படித்தோம். நம் ஊரில் அப்படிப்பட்ட பாகுபாடு எதுவும் இல்லை என்றான் ஒருவன். என் பக்கத்திலிருந்த பர்மியத் தோழி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: இனி அந்தச் சொல்லால் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

அப்பாவிடம் சொன்னேன். ஆன்ட்டி பாசமாகத்தான் கூப்பிடுகிறார், வம்பு வேண்டாம் என்றார். அவர் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க அந்த மாதிரிச் சொல்லைக் கேட்டுப் பழகியவர்.

மறுநாள் ஆன்ட்டி கூப்பிட்டார். நான் நேரே நடந்தேன். காது கேட்கவில்லையென்று நினைத்துப் பின்னாலேயே வந்து தோளைத் தொட்டார். சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். பசி ஒரு பக்கம், அவர் முகம் ஒரு பக்கம். நம்மை வெறுக்கிறவர்களை எதிர்த்து உட்காருவதைப் பற்றித்தான் புத்தகத்தில் இருந்தது. மொஹிங்காவில் போட நமக்கென்று தினமும் ஒரு முட்டை எடுத்து வைப்பவரிடம் என்ன செய்வது?

அடுத்த நாள் தோழியும் கூட வந்தாள். இருவரும் கடையில் உட்கார்ந்தோம். ஆன்ட்டி கூப்பிட்டார், பேசாமல் இருந்தேன். மறுபடி கூப்பிட்டார். தோழியும் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்மேல என்ன கோபம் உனக்கு?” என்றார் ஆன்ட்டி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “பஸ்ஸுல அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எங்க அப்பாவ எழுந்திரிக்கச் சொன்னாங்க, ஆன்ட்டி. அதையே நீங்களும் சொல்றீங்க.”

ஆன்ட்டி கிண்ணத்தில் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்கப் பாடம் மனதில் ஏறவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் படியிறங்கியபோது, “தமீ” என்று ஆன்ட்டியின் குரல் கேட்டது. மகளே என்று அர்த்தம். பிறகும் எத்தனையோ முறை பழைய சொல் அவருக்கு வாய் தவறி வந்ததுண்டு. வந்ததும் தன் வாயில் தானே ஒரு தட்டு தட்டிக்கொள்வார். வாடிக்கையாளர் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது, “அது அவ பேரு இல்ல” என்று அவரிடம் கரண்டியை நீட்டிச் சொன்னார்.

அப்பா அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பொட்டலம் கட்டி வாங்கிப்போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துப் போனேன். ஆன்ட்டி முக்காலியைத் துணியால் துடைத்துப் போட்டு, “அகோ, உட்காருங்க” என்றார். அண்ணன் முறை. அப்பா கூச்சத்தோடு உட்கார்ந்தார். வெகு நேரம் தலையைக் குனிந்தே சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.