மின்கோபுரத்தடி வீடு

மார்ச் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை.

காலை ஐந்து பத்துக்கு எழும்பினேன். பைப்பில் தண்ணீர் வரும் நேரம், வாளிகளை நிரப்பினேன். தேத்தண்ணி குடித்தபடி முதல்நாள் நாட்குறிப்பில் விட்டுப்போயிருந்த ஒரு வரியை எழுதி முடித்தேன். ஏழு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தை. அரைக் கிலோ பாரை, ஒரு பிடி வல்லாரை. வந்து சவரம். பிறகு அந்த வாரத்துச் சட்டைகள் எல்லாவற்றையும் கரண்ட் இருக்கும்போதே அயர்ன் பண்ணி முடித்தேன். இந்த நாட்களில் கரண்டுக்கும் ஒரு நேரசூசி இருக்கிறதல்லவா?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் களனிப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் புறப்பட்டோம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் வாடகை வீட்டுக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இப்போது இருக்கிற மேல்மாடி வீட்டை மே மாதத்துக்குள் விடவேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள். வேறு வாடகை வீடு தேடினோம். "ஆர் ஆர் இருப்பினம்? ஊரிலயிருந்து ஆக்கள் வந்து தங்குவினமோ?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது... வந்து தங்குகிறவர்களுக்காகப் பொலிசுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தானே?

என் மனைவி புவனேசுக்கு நெடுநாளாக ஒரே ஓர் ஆசை. யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்கவேண்டும். அவ்வளவுதான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் இருந்த எல்லா வீட்டிலும் ஆணிக்கு அனுமதி கேட்டிருக்கிறாள். சிலர் தந்தார்கள். இப்போதிருக்கிறவர் தரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் கலண்டர் யன்னல் கம்பியில் தொங்குகிறது. என் நீளக் குடை கதவுப் பிடியில் தொங்குகிறது.

எனக்கும் நெடுநாளாக ஓர் ஆசை உண்டு. அதை ஆசை என்பதா, விசர் என்பதா — வாசகர்கள் தீர்மானிக்கலாம். எனக்கு மின்கோபுரங்கள் பிடிக்கும். மலையிலிருந்து கரண்டைக் கொண்டுவரும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரங்களும், அவற்றின் கம்பிகளும்.

இளம் வயதில் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அறையில் இருந்த மற்ற மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் படத்துக்குப் போவார்கள். நான் பஸ் பிடித்துக் களனி ஆற்றங்கரைக்குப் போய்க் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன இருக்கிறது அதில்? ஒழுங்கு இருக்கிறது. எத்தனை மைல் போனாலும் ஒரு கம்பி இன்னொன்றோடு சிக்காது. கம்பியைத் தாங்கும் கண்ணாடித் தட்டுகளை எண்ணினால் அதில் எவ்வளவு வோல்ட் போகிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நேராகப் போகும் வரிசையில் நிற்கிற கோபுரங்கள் மெலிந்தவை. பாதை திரும்பும் இடத்தில் நிற்பது மட்டும் தடித்தது. காலை அகட்டிக்கொண்டு நிற்கும். ஏனென்றால் அதை இரண்டு திசையிலிருந்தும் இழுக்கிறார்கள். கொழும்பில் குடும்பம் நடத்துகிற யாழ்ப்பாணத்தானுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

தரகர் மாளிகாவத்தைக்காரர், கபூர் நானா. பஸ் தரிப்பில் எங்களைச் சந்தித்து, நேர் வீதியை விட்டுவிட்டு ஓர் ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அது இன்னோர் ஒழுங்கைக்குள் போய், ஒரு மதிலைச் சுற்றி, வீட்டின் பின்பக்கக் கிணற்றடியில் கொண்டுபோய் விட்டது. கிணற்றைப் பற்றி நெடுநேரம் சொன்னார். சித்திரையிலும் வற்றாதாம். பத்து பேர்ச் காணி, இரண்டு அறை, ஓட்டு வீடு. விலை நியாயத்துக்கும் குறைவு. ஏன் குறைவு என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு ஏற்கெனவே தெரியும். பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதே வரிசையைப் பிடித்துவிட்டேன். இறங்கிய இடம், நடந்த திசை, திரும்பிய மூலைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முற்றத்து ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் ஒரு கோபுரம் இருந்தாகவேண்டும்.

"நானா, கோபுரம் முன்பக்கம்தானே?" என்று கேட்டேன்.

கபூர் நானாவின் முகம் விழுந்துவிட்டது. எத்தனை பேர் அந்த முற்றத்தோடு திரும்பிப் போனார்களோ. "தூரத்தில ஈக்கி சேர்" என்றார். "கம்பி பக்கத்து வளவுக்கு மேலால போகுது. நம்மட காணிக்கு மேல ஒண்டும் இல்ல."

"கிட்டப் போய்ப் பார்க்கலாமா?"

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நாளும் கோபுரத்தை மறைத்து வீடு காட்டிய மனிதரிடம், கோபுரத்தைக் காட்டு என்று கேட்ட முதல் ஆள் நானாக இருக்கவேண்டும். பிறகு அவரே உற்சாகமாகிவிட்டார். கோபுரத்தடியில் மண்மூட்டை அடுக்கி இரண்டு ஆமிக்காரர் இரவு பகலாகக் காவலாம். "களவு பயமே இல்ல சேர். சல்லி குடுத்தாலும் இப்புடிக் காவல் கிடைக்குமா?"

புவனேஸ் வீட்டுக்காரியோடு குசினி பார்க்கப் போய்விட்டாள். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர். மகனோடு இருக்கக் கண்டிக்குப் போகிறார். நான் முன்பக்கம் வந்தேன்.

நல்ல கோபுரம். வரிசை அதில்தான் திரும்புகிறது, தடித்த வகை. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். இருந்தாலும் நான் ஒழுங்கான மனிதன். வீடு வாங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். இது விழுந்தால் வீட்டின்மேல் விழுமா? உயரம் தெரிந்தால் பதில் தெரிந்துவிடும். உயரத்தை அறிவது சுலபம். வெயில் இருந்தது. என் நீளக் குடையை நிலத்தில் செங்குத்தாகக் குத்தினேன். அதன் நிழலை அளந்தேன். பிறகு கோபுரத்தின் நிழல் எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த நிழல் வழியே கோபுரத்தின் காலை நோக்கி அளந்துகொண்டு நடந்தேன்.

இந்தக் காலத்தில் இந்த ஊரில் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிற ஒருவன் செய்யக்கூடாத காரியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், இதற்கு எத்தனையாவது இடம் கொடுப்பீர்கள்? எனக்கு அந்த நேரம் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே நினைவில் இல்லை. கணக்கு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"மஹத்தயா, மொகத மே கரன்னே?"

நிமிர்ந்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஓர் ஆமிக்காரர் எனக்கு முன்னால் நின்றார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். துவக்கு தோளில்தான் இருந்தது. கை அதன்மேல் இருந்தது.

என்னுடைய சிங்களம் கந்தோர்ச் சிங்களம், கோப்புகளில் படித்தது. இலக்கணம் பிழைக்காது; ஆனால் சுற்றி வளைக்கவும் தெரியாது. உண்மையைச் சொன்னேன். "இந்தக் கோபுரம் விழுந்தால் எவ்வளவு தூரத்துக்கு விழும் என்று கணக்குப் பார்க்கிறேன்."

கூடவந்த கபூர் நானா ஈரப்பலா மரத்தை அப்போதுதான் முதல்முதல் காண்பவர்போல அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

ஆமிக்காரர் கையை நீட்டினார். அடையாள அட்டையைக் கொடுத்தேன். பொலிஸ் பதிவுத் துண்டையும் கொடுத்தேன். பிறந்த இடத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மேலே கம்பிகள் மெல்ல இரைந்துகொண்டிருந்தன. எனக்குப் பிடித்த சத்தம். அந்த நேரம் அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

புவனேஸ் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். ஓடி வரவில்லை, சாதாரணமாக, கையில் டீச்சர் கொடுத்த கறிவேப்பிலைக் கொத்தோடு வந்தாள். அவளுடைய சிங்களம் மீன்கடையில் படித்த சிங்களம். இலக்கணம் கிடையாது, ஆனால் எந்த மனிதனோடும் கதைக்கும். "மல்லி" என்றாள் ஆமிக்காரரைப் பார்த்து, சொந்தத் தம்பியைக் கூப்பிடுவதுபோல. நாங்கள் டீச்சரின் வீட்டை வாங்கவென்று பார்க்க வந்தவர்கள் என்றாள். இந்த மனிதர் எங்கே போனாலும் இப்படித்தான், கட்டில் வாங்கப் போனாலும் தானே அதில் நீட்டி நிமிர்ந்து படுத்து அளப்பவர், கடைக்காரர் சிரித்தாலும் எழும்பமாட்டார் என்றாள். இவ்வளவு காலமும் நான்தான் இவரோடு பாடுபடுகிறேன், இன்றைக்கு மல்லி பட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள்.

டீச்சரும் வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினார். அதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஆமிக்காரர் அட்டையைத் திருப்பித் தந்தார். பிறகு கேட்டார், வீட்டின்மேல் விழுமா?

இல்லை, வீடு தள்ளி இருக்கிறது என்றேன்.

அவர் திரும்பித் தன்னுடைய மண்மூட்டைக் காவலறையைப் பார்த்தார். அது கோபுரத்தின் காலோடு ஒட்டி இருந்தது. "அப்ப எங்களுக்கு மேல?"

புவனேஸ் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கியது. ஆனால் கணக்கு கணக்குத்தானே?

"விழும்" என்றேன்.

அவர் கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வந்த முதல் நாளே கோப்ரலுக்கு இதைச் சொன்னாராம். அந்த ஆள் கேட்கவில்லையாம். மழைநாளில் கம்பி கூடுதலாக இரைகிறதே, அது ஆபத்தா என்று என்னிடம் கேட்டார். ஈரத்துக்கு அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது தெரிந்தது. போகும்போது புவனேசிடம், "வாங்குங்கோ அக்கே, நாங்க இருக்கிறம்தானே" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பவும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் நாங்கள் தமிழில் கதைப்பதில்லை. கொழும்பில் இருக்கிற வாசகர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆகவே புறக்கோட்டை வந்து பஸ் மாறி, காலி வீதி முழுவதும் தாண்டி வெள்ளவத்தையில் இறங்கும்வரை அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டை வாங்கியாயிற்று என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். எந்த யன்னலால் கோபுரம் நன்றாகத் தெரியும் என்றுகூட யோசித்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கரண்ட் போனது. நேரசூசிப்படிதான். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, புவனேஸ் சாதாரணக் குரலில் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு அந்தக் கோபுரத்துக்கு ஏதும் நடந்தா, முதல்ல ஆரின்ர வீட்டுக்கு வருவாங்கள்?"

நான் அதன் உயரத்தை அளந்தேன். வோல்ட்டைக் கணக்கிட்டேன். எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் தரிப்பு எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். நாங்கள் மட்டும், பக்கத்தில் குண்டு வைக்கிற அளவுக்குப் பெரிதாக என்ன நிற்கிறது என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. பாலமா, எண்ணெய்த் தாங்கியா, கோபுரமா?

"அந்தப் பெடியன் நல்லவன்தானே" என்றேன்.

"நல்லவன்தான். அவனை மாத்தினா வாறவனையும் நான் மல்லி எண்டு கூப்பிட்டு, உங்கட விசரை விளங்கப்படுத்தவேணுமே?"

எங்களில் பலருடைய பாதுகாப்பு இப்படித்தான் இருக்கிறது: சட்டத்தில் அல்ல, அந்தந்த வாரம் அந்தந்த மூலையில் நிற்கிற மனிதனின் சுபாவத்தில். சரி, நாளைக்குக் கபூர் நானாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது எனக்குக் கவலையாக இருந்தது. கோபுரத்துக்காக அல்ல... சரி, கோபுரத்துக்காகவும்தான்.

புவனேஸ் கோப்பைகளை அடுக்கினாள். போன மாதம் ஆமி எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்துக் கதவு கதவாகத் தட்டியதும், கீழ்வீட்டு ஆசிரியரையும் அவருடைய மருமகனையும் ஏற்றிக்கொண்டு போய் மறுநாள் பின்னேரம் விட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்கவேண்டும். ஏனென்றால் அவள் குசினி வாசலில் நின்று, எனக்கல்லாமல் மெழுகுதிரிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இஞ்ச என்ன கோபுரமே நிண்டது?"

சொல்லிவிட்டு மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். வாங்குவதா, விடுவதா? தெரியாமலே படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து பத்து. எழும்பியதும் வாளிகளை நிரப்பப் போனேன். கதவுப் பிடியில் என் நீளக் குடை இல்லை. அந்த இடத்தில் புவனேசின் சின்ன மடக்குக் குடை தொங்கியது, ஊதாப் பூப்போட்டது.

"என்னப்பா இது?" என்றேன்.

"இனி நீங்கள் இதைத்தான் கொண்டுபோறியள்" என்றாள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "அங்க போனதும் முதல் வேலையா, முன்கதவுக்குப் பின்னால இதுக்கு ஒரு ஆணி அடிச்சுத் தாங்கோ."

வெயில் ஏறி முன்கடை திறந்ததும், கபூர் நானாவுக்கு போன் பண்ண இறங்கினேன். குடையையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பூப்போட்ட மடக்குக் குடை... விரித்துப் பிடித்தால் நிழல் வட்டமாகத்தான் விழுகிறது. அதை வைத்து ஒன்றையும் அளக்க முடியாது.