நேரில் கண்டவன் எழுதிய கடிதம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அந்த வருடம் கையும் சும்மா இருக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஐம்பதுகளின் நடுவில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தப்பால்காரனாக, அதாவது தபால் பை சுமக்கிறவனாக, இருந்தேன். காலையில் தபால் கந்தோருக்கு இறங்கி, மத்தியானத்துக்குள் கடிதப் பையோடு மலை ஏறி வர வேண்டும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கடிதங்கள் பூட்டிய பைக்குள் இருக்கும். பெரிய கிளாக்கரின் தமிழ்ப் பத்திரிகை மட்டும் வெளியே, சுருட்டி ஒரு காகிதப் பட்டி போட்டு வரும். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் பத்திரிகை வாங்குகிற ஒரே ஆள் அவர்தான், ஆனால் அதை முதலில் வாசிப்பது நாங்கள். சோற்று நேரத்தில் நாங்கள் குடியிருந்த லய வரிசைக்குக் கீழே உள்ள தேநீர்க் கடையில் பந்துப் பைத்தியங்கள் என்னை மறித்துக்கொள்வார்கள். நான் பட்டி கிழியாமல் உருவி, விளையாட்டுப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, மறுபடியும் சுருட்டிப் பட்டியை மாட்டிவிடுவேன். அந்த வருடம்வரை ஒரு பட்டிகூட என் கையில் கிழிந்ததில்லை.

எங்கள் தோட்டத்து அணியின் கோல் கீப்பர் என் மனைவியின் தம்பி. பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை, தாய் கொழுந்து பறிக்கிறவர். அவர்கள் இருந்த ஒற்றை அறை லயக் காம்பரா இவன் பெயரில்தான் இருந்தது. ஆள் ஒல்லி, ஆனால் பந்துக்குப் பாய்ந்தான் என்றால் கம்பத்துக்குக் கம்பம் எட்டுவான்.

பதுளையில் டவுன் அணியோடு நடந்த ஆட்டத்தில் அவன் மூன்று கோல் விட்டான். நாலாம் நாள் வந்த பத்திரிகையில் பதுளை நிருபர் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாத பையனாம், கொழுந்துக் கூடைதான் அவனுக்குச் சரியாம். நான் வாசித்து முடிக்கும் முன்பே கடையில் சண்டை பிடித்துக்கொண்டது.

"பேப்பர்காரன் சொல்றதுல என்ன தப்பு? ஒரு மாசமா அவன் கையே சரியில்ல," என்றார் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர்.

"மூணாவது கோலு மழையில வழுக்கிப் போனது. அத எழுதினானா அந்த ஆளு?" என்றார் கங்காணி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் என் மச்சினன் போன்ற ஆண்களுக்கு அவர்தான் மேலாள், எங்கள் அணிக்கும் அவர்தான் எல்லாம்.

"வழுக்காம நிக்கிறவன்தானுங்க கீப்பரு," என்றார் விறகுக்காரர்.

மச்சினன் கடை மூலையில் நின்று தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயிற்சி இல்லையாமே! அன்று சாயந்திரமே ஒரு கொப்பித் தாளை எடுத்து அந்தப் பத்திரிகைக்கே எழுதினேன். எங்கள் கோல் கீப்பர் தினமும் இரண்டு மணிக்கு மைதானத்தில் இறங்கி இருட்டும்வரை பழகுகிறான், அதை என் இரு கண்ணாலும் பார்க்கிறேன் என்று அடித்து எழுதி, அவன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டு, கீழே 'நேரில் கண்டவன்' என்று கையெழுத்திட்டேன். மறுநாள் தபாலில் சேர்த்தவனும் நான்தான்.

பத்து நாள் கழித்து அது அச்சில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை வாசலில் நின்று, யார் எழுதியது என்று சொல்லாமல், ராகம் போட்டு வாசித்தேன். விறகுக்காரர்கூடக் கை தட்டினார். கங்காணி மட்டும் தட்டவில்லை.

"ரெண்டு மணின்னா போட்டிருக்கு?" என்றார் மெல்ல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் வேலை விடுவது நாலு மணிக்கு. மச்சினனை இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு, அவனுடைய வரிசைத் தேயிலையை மற்ற ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டி முடிப்பார்கள். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எல்லா லயத்துக்கும் தெரிந்த சங்கதி இது, துரைக்கும் கிளாக்கருக்கும் மட்டும்தான் தெரியாது. மைதானம் தொழிற்சாலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்ததால் பங்களாவிலிருந்து கண்ணுக்குப் படாது. தினமும் நடப்பதால் அது ஒரு குற்றம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

துரைக்குத் தெரிந்தால் பத்துச்சீட்டுதான். அந்தச் சீட்டைக் கையில் வாங்கினவன் வேலையையும் காம்பராவையும் ஒன்றாக விட்டுவிட்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு நாங்கள் இந்த நாட்டுக்காரர்களும் இல்லை, தாத்தாமார் விட்டு வந்த அந்த நாட்டுக்காரர்களும் இல்லை. அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். கங்காணிக்கும் அதே கதிதான்.

"பேப்பர ஆத்துல போட்டுருவமா?" என்றார் விறகுக்காரர்.

"பேப்பர் வரலன்னா கிளாக்கர் அய்யா தபால் கந்தோருக்கே எழுதிருவாரு," என்றேன். அந்த ஒரு பக்கத்தைக் கிழிப்பதோ அதைவிட மோசம். மச்சினன் என்னைப் பார்த்தான். எழுதியது யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவசரத்தில் பட்டியை மாட்டும்போது அது கிழிந்தது. கிழிந்த பட்டியோடுதான் தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். போன நேரம், துரை கிளாக்கரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். துரைக்கும் பந்தில் ஆசை உண்டு. தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது.

"கிளாக்கர், நம்ம பையன் பத்தி ஏதோ போட்டிருக்கு, கிளப்ல சொன்னாங்க. படி."

கிளாக்கர் கிழிந்த பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தைப் புரட்டினார். முதலில் மனதுக்குள் வாசித்தார். அவர் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனையும் துரையிடம் சொல்லிக் கொடுக்கிறவர் என்று பெயர் எடுத்தவர் அவர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கடிதம் எனக்கு மனப்பாடம். அவர் சத்தமாக வாசிக்க வாசிக்க அந்த வரி கிட்டே வந்துகொண்டிருந்தது.

"எங்கள் கோல் கீப்பர் தினமும் வேலை முடிந்து, நாலு மணிக்குப் பிறகு மைதானத்தில் இறங்கி..."

"நல்ல பையன்," என்று சொல்லிவிட்டுத் துரை வெளியே போனார். குதிரைச் சத்தம் தேய்ந்த பிறகு கிளாக்கர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"நேரில் கண்டவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். துரைக்கு எழுத்துத் தெரியாதபடியால் தப்பினீங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர்மாரும் இதைத்தான் வாசிக்கினம். அவையள் தங்கட துரைமாருக்கு என்ன சொல்லுவினமோ, எனக்குத் தெரியாது. போம்."

அவருக்குக் கும்பிடு போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தால், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் இன்றைக்குச் சீட்டுக் கொடுக்க மச்சினன் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். துரையின் குதிரை லயத்துப் பக்கம் திரும்பினால் என் மனைவி அடுப்பை விட்டு எழுந்து நின்றுவிடுவாள். பூட்டிய பையை மலையில் சுமந்து வரும்போது, அவனுடைய சீட்டை நானே தூக்கிக்கொண்டு வருகிறேனோ என்று நினைத்துக்கொள்வேன். மச்சினன் நாலு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால்கூடக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு மாதம் போனது. யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆட்டம் தெமோதரை அணியோடு. நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றேன். முதல் பந்து அவனுக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்து. அவன் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டான். பிறகு இன்னும் மூன்று. ஒன்றுக்குக்கூட அவன் பாயவில்லை.

கடையில் மறுபடியும் வாக்குவாதம். கை போச்சு என்றார் விறகுக்காரர். பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான் என்றார் கங்காணி. பேப்பர்காரன் எழுதியே பையனைக் கெடுத்துவிட்டான் என்றார் இன்னொருவர். நான் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். நிருபர் இந்தத் தடவை ஒரே வரியில் முடித்திருந்தார்: தோட்டத்துக் கோல் கீப்பரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லையாம்.

அவனைத் தனியாகத் தண்ணீர்ப் பீலிக்கரையில் பிடித்தேன். "ஏன் மாப்ள பாயல? அந்த மொதப் பந்து ஒனக்கு ஒரு பந்தா?"

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான். "பாஞ்சு புடிச்சா நல்லா எழுதுவாங்க மச்சான். எப்பப் பழகுனான்னு யாராச்சும் கேப்பாங்க."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இந்தத் தடவ என் பேரு போட்டிருந்தானா?"

"இல்ல. பேரு போடல."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் சிரித்து நான் பார்த்தேன்.