தொடவே வேண்டாம் என்ற விளக்கு

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு விளக்கைக் கேட்டுத் தூக்கி வந்தார். ஆளுயரத் தண்டு, மூன்று திசைக்கு மூன்று கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கறுப்புக் கூம்பு. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் அது குடையும் பள்ளிக்கூடப் பையும் மாட்டத்தான் உதவியது.

மகளின் பிறந்தநாள் படத்தை பேஸ்புக்கில் போட்டோம். கொழும்பில் ஒருவருக்குப் பிள்ளை தெரியவில்லை, பின்னால் நின்ற விளக்குதான் தெரிந்தது. போன் செய்தார். எழுபது வருஷத்துக்கு முந்தைய இத்தாலி வேலையாம். விளக்கு இல்லையாம், சிற்பமாம். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் என் கண்ணில் புதுக் கூரைத் தகரம்தான் மின்னியது. இரத்தோட்டை மழை மகளின் கட்டிலுக்கு நேர் மேலேதான் ஒழுகும்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒண்ணும் செய்யாதீங்க. தொடவே வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வளர்ப்பு வேறு. விருந்தாளி "ஒண்ணும் செய்யாதீங்க" என்றால் கோழி அடிக்க வேண்டும். "டீ வேணாம்" என்றால் பால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்களை எங்கள் லயத்தில் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை.

"பெரிய மனுசன், கேக்கக் கூச்சப்படுறாரு" என்றார் வீட்டுக்காரர்.

"பின்ன, இந்த அழுக்கோடயா குடுக்கிறது?" என்றேன்.

இரண்டு நாள் பாடுபட்டோம். அவர் தின்னர் ஊற்றிக் கறுப்பை ஒட்டச் சுரண்டினார். உள்ளே பித்தளை! நான் புளியும் சாம்பலும் போட்டு முகம் தெரியும்வரை தேய்த்தேன். அவர் வயரை மாற்றி மூன்று பல்பு போட்டார். பெருமை தாங்காமல் நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கூம்புகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அந்தப் பழைய பெயிண்டுக்காகத்தாங்க வந்தேன்" என்றார். எனக்கு அழுகை முட்டியது. விருந்தாளி முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போனேன்.

"டீ வேணாங்க" என்றார். பால் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். டீ ஆடை கட்டி ஆறியது. வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாதவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சாயங்காலம் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. மகள் கட்டிலை நகர்த்தி, வாளியை வைத்து, விளக்கின் ஒரு கையைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

"இப்ப எங்க ஒழுகுதுன்னு நல்லாத் தெரியுதும்மா" என்றாள்.